ஆளுக்குப் பாதி மாரி பிஸ்கட்

நேற்று உன் எட்டாம் நாள் படையல், எட்டு, முடிந்தது. இன்று காலை தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, உன் மகள் என் கையில் திணித்துவிட்ட பையைத் திறந்தேன். வடை, வாழைப்பழம், ஒரு சிரட்டை அளவு சர்க்கரைப் பொங்கல். அவற்றுக்கு அடியில் பாதி காலியான மாரி பிஸ்கட் பக்கற். படையல் அறையில் எரிந்த சாம்பிராணி அதிலும் ஏறியிருந்தது. சாம்பிராணியும் பால்மாவும் கலந்த அந்த வாசம் மூக்கில் பட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். என்னிடம் இரண்டு சத்தியம் வாங்கினாய். ஒன்றைக் காப்பாற்றப் போனால் மற்றது உடையும் என்று நீ யோசித்தே பார்க்கவில்லை. நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். நேற்று நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உனக்குப் பாடம் வரலாறு, எனக்கு மனையியல். பெரியகல்லாற்றுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தே தலை நரைத்தவர்கள் நாங்கள். எந்தத் தின்பண்டத்தைக் கண்டாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன், அது எங்கிருந்து வந்தது என்று நீ சொல்வாய். கோதுமைப் பாண் போர்த்துக்கேயன் தந்தது என்றாய், கேட்டுக்கொண்டோம். சம்பலில் போடும் மிளகாயும் அவன் கொண்டு வந்ததுதான் என்று நீ சொன்ன நாளில் சங்கீத ரீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நம்மட ஆக்கள் முந்தி என்னத்தக் கா திண்ட?"

"மிளகத் திண்ட. உன்னப்போல உறைக்காமலா இருந்தாங்க?"

அவர் உன்னோடு ஒரு தவணை முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

பள்ளி அதிபர் கூட்டம் வைத்தால் பிளேன்ரீயும் மாரி பிஸ்கட்டும் வரும். நீ தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு, பிஸ்கட்டை இரண்டு விரலால் என் சோசருக்குத் தள்ளுவாய். வீட்டுக்கு வந்த பூனையை வெளியே தள்ளுவது போல இருக்கும்.

"இதென்ன கா, நனைஞ்ச கடதாசி மாதிரி. உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. இதுக்குப் போய் ஒரு ராசாத்திட பேர வெச்சிரிக்கானுகள்."

அப்படித்தான் அந்தக் கதை எனக்குத் தெரிய வந்தது. ருஷியச் சக்கரவர்த்தியின் மகள் ஒருத்தி, இங்கிலாந்து மகாராணியின் இரண்டாவது மகனைக் கட்டினாளாம். நூறு வருடத்துக்கும் முந்திய கதை. அந்தக் கலியாணத்தைக் கொண்டாட லண்டனில் பிஸ்கட் போடுகிற ஒரு கடைக்காரன், வட்டமாக ஒன்றைச் சுட்டு அவளுடைய பெயரை அதில் பதித்துவிட்டானாம். அந்தப் பெயர்தான் உலகம் சுற்றி நம் அதிபரின் தட்டு வரைக்கும் வந்திருக்கிறது.

"சரி, அவளுக்கு இது பிடிச்சுதா?" என்று கேட்டேன். தின்கிறவளின் நாக்கை விட்டுவிட்டு ஒரு தின்பண்டத்தைப் பற்றிப் பேச எனக்கு வராது.

"அதத்தான் நானும் தேடுறன். பேர வெச்சவன எழுதி வெச்சிரிக்கானுகள். அவள்ட வாய ஒருத்தனும் கேக்கல்ல."

பிறகு கொஞ்சக் காலம் நீ சனிக்கிழமைகளில், பட்டணம் என்று நமக்கிருந்த ரவுனுக்கு பஸ் ஏறி நூலகத்துக்குப் போய்ப் பழைய இங்கிலீஷ் புத்தகங்களைப் புரட்டினாய். ஒரு ராசாத்தி என்ன தின்றாள் என்று அறிவதற்காக ஒரு மனுசி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாளா என்று உன் மனிதரும் நானும் சிரித்தோம். அவர் சாப்பாட்டு ரசிகர். ஆற்று நண்டு என்றால் சட்டியை வழித்துத்தான் எழும்புவார்.

நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனார். நீயும் பிள்ளையும் ஆற்றுப் பக்கம் உன் அக்கா வீட்டில் இருந்தீர்கள். கடல் ஊருக்குள் ஏறியது. நீங்கள் தப்பினீர்கள், அவர் வரவில்லை. உடலும் வரவில்லை. அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத என்னால் ஏலாது, உனக்கும் அது தேவையில்லை.

கடற்கரையிலிருந்து உள்ளுக்குத் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை ஒதுக்கிவிட்டு நிலத்தில் பாய் விரித்துப் படுத்தோம். எட்டாம் நாள் நெருங்கியபோது ஊரே ஒன்றாகத் திகைத்தது. செத்தவருக்கு விருப்பமானது எதுவோ அதையெல்லாம் சமைத்து இலையில் வைப்பதுதானே நம் வழக்கம்? மீன் விருப்பமானவருக்கு மீன், சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, குடித்தவருக்கு ஒரு கிளாஸ் சாராயம். அந்த முறை எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் எட்டு. வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. கையில் இருந்தது நிவாரணத்தில் வந்த அரிசி, பருப்பு, மாரி பிஸ்கட். ரின்னில் அடைத்த மீனும் வந்திருந்தது, அதை ஒருவரும் தொடவில்லை.

சோற்றையும் பருப்பையும் இலையில் வைத்துவிட்டு, இலை வெறிச்சென்று கிடக்கிறதே என்று பிஸ்கட்டையும் அடுக்கினாய். அடுக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்த மனிசன் இத ஒரு நாளும் வாயில வெச்சதில்ல கா. இதயா திண்டுபோட்டுப் போகச் சொல்ற?"

நீ திரும்பி என் கையைப் பிடித்தாய். உன் பிடி வலித்தது.

"என்ட எட்டுக்கு இத வெச்சிராத. சத்தியம் பண்ணு. எனக்கு விருப்பமான கூனி இறாலும் முருங்கையிலையும் போட்டுச் சுண்டி வை. இது மட்டும் வேணாம்."

சத்தியம் பண்ணினேன். அன்றைக்கு நீ எதைக் கேட்டிருந்தாலும் பண்ணியிருப்பேன். இது முதலாவது.

பிள்ளை அதற்கு முந்தியே தின்பதை நிறுத்தியிருந்தாள். அப்பா வந்த பிறகு தின்கிறேன் என்று ஒரே பிடி. சோற்றைக் குழைத்து நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்வாள். தொண்டர்கள் வந்து கெஞ்சினார்கள், டாக்டர் வந்து பார்த்தார், உன் அக்கா மிரட்டியும் பார்த்தா. எல்லோருடைய கண்ணும் அவள் மேல்தான். எட்டு முடிந்து ஒன்றிரண்டு நாளில், காலை நேரம், நீ ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தாய்.

"இதில ஆர்ர பேர் எழுதியிரிக்கி தெரியுமா மனே?"

பிறகு சொன்னாய். பனிக்கட்டி நாட்டிலிருந்து ஒரு ராசாத்தி கடல் தாண்டிப் போனாள். போன இடத்தில் ஆரையும் தெரியாது. அப்பாவை நினைத்து நினைத்துச் சாப்பிடவே மாட்டேன் என்றாள். அரண்மனைச் சமையல்காரர் எல்லோரும் கூடி, வட்டமாக ஒன்றைச் சுட்டு, அவளுடைய பெயரையே எழுதிக் கொடுத்தார்கள். அப்போதும் அவள் தனியாகத் தின்ன மாட்டேன் என்றாள். ஆராவது பாதி தின்றால், தான் பாதி தின்பாளாம்.

இந்தக் கடைசிப் பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். பரீட்சை விடையில் ஒரு சொல் கூடினாலும் சிவப்புப் பேனையால் வெட்டுகிறவள் நீ. அன்று ஒரு சக்கரவர்த்தி வீட்டுக் கதையையே உன் இஷ்டத்துக்குத் திருப்பிவிட்டாய். பிள்ளை உன் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நீ பிஸ்கட்டை உடைத்து உன் பாதியை வாயில் போட்டு, தேன் குடித்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு மென்றாய். அவள் மெதுவாகக் கையை நீட்டி மற்றப் பாதியை எடுத்தாள்.

கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றவளைப் பிடித்து அந்தக் கதையைப் பற்றி நான் கேட்டேன். அப்போதுதான் நீ உண்மைக் கதையைச் சொன்னாய். விடுமுறை தொடங்க முந்தி நூலகத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டாயாம். அந்த ராசாத்திக்கு லண்டன் பிடிக்கவில்லையாம், அந்த ஊர்க் காற்று பிடிக்கவில்லையாம், எல்லாவற்றையும் விட அவர்களுடைய சாப்பாடு அறவே பிடிக்கவில்லையாம். அவளுடைய தாய் அதை எழுதி வைத்திருக்கிறாவாம்.

"அப்ப உனக்கும் அவளுக்கும் ஒரே நாக்கு," என்றேன்.

"ஓம் கா. ஆனா அவள் ராசாத்தி, பிடிக்கல்ல எண்டு வாய் விட்டுச் சொல்லலாம். எனக்கு அது ஏலுமா?" என்று சிரித்தாய். கடல் வந்து போன பிறகு நான் கேட்ட உன் முதல் சிரிப்பு. உடனே அடுத்த சத்தியத்தையும் கேட்டுவிட்டாய். "புள்ளைக்கு இது ஒரு நாளும் தெரியக் கூடா. அம்மாக்கு மாரி பிஸ்கட் எண்டா உசிர் எண்டே நினைக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு வாயத் திறக்க மாட்டாள்."

அதற்கும் தலையாட்டினேன். முதலாவதோடு இது எங்கே போய் முட்டும் என்று அன்று எனக்கு ஓடவில்லை. உனக்கும் ஓடவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஓடியிருந்தால் நீ அதையும் ஒரு பகிடியாகச் சொல்லியிருப்பாய்.

அந்த வருடம் ஊரில் மீன் விலைப்படவில்லை. கடலில் போனவர்களை நினைத்து ஒருவரும் வாயில் வைக்கவில்லை. உன் கூனியும் அதோடு போயிற்று. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுக் குசினிக்கு ஒரு கூரை வந்ததும், ஆற்றில் வடித்த கூனியை வாங்கி, முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டி, மூடிக்கொண்டு உன் கொட்டிலுக்கு வந்தேன். வாசனையிலேயே முகத்தைத் திருப்பினாய். "இது ஆத்துக் கூனி கா. கடலுக்கும் இதுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்ல," என்றேன். முகத்துவார மணலை வெட்டிவிட்டால் ஆறும் கடலும் ஒன்றுதான் என்று எனக்கும் தெரியும், வரலாற்று ரீச்சருக்கும் தெரியும். நீ அதில் ஒரு பிடியைச் சோற்றோடு எடுத்தாய். கண்ணீர் சோற்றில் விழுந்தது, நீ அதையும் சேர்த்துக் குழைத்துத் தின்றாய். அன்று நான் வீட்டுக்கு நடந்து போனேன் என்று சொல்ல முடியாது, அவ்வளவு சந்தோசம் எனக்கு.

சண்டை முடிந்த வருடம் உன் தம்பி வன்னிக்குள் இருந்தான். மே மாதத்தில், வெற்றி என்று ரவுனில் வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று நீ யன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தாய். நான் வந்து பார்த்தபோது அடுப்பு பற்றவில்லை. சோறு கொண்டு வந்தவர்கள் வைத்த இடத்திலேயே அது ஆறிக் கிடந்தது. பிள்ளை அப்போது வளர்ந்துவிட்டாள், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு பிளேன்ரீ ஊற்றிக் கொண்டு வந்தாள். தட்டில் ஒரே ஒரு மாரி பிஸ்கட். உடைத்தாள். "அம்மா, பாதி," என்றாள். நீ எடுத்துத் தின்றாய்.

வேலிக் கடப்படி வரைக்கும் என்னோடு வந்து, "பாத்தியா கா, இதிலருந்து இன்னும் தப்ப ஏலாம இரிக்கி. வேணாம் எண்டா புள்ள மனம் நோகும்," என்றாய். நானும் உனக்காகப் பரிதாபப்பட்டேன். தம்பியைப் பற்றி அன்றும் செய்தி இல்லை, பிறகும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் படித்தாள், கொழும்பில் வேலை எடுத்தாள். லீவில் வரும்போதெல்லாம் பைக்குள் உனக்கு மாரி பிஸ்கட். நீ வாசலிலேயே பக்கற்றை வாங்கி, "என்ட தங்கம்," என்று சொல்லி, அவள் பார்க்கப் பார்க்க உடைத்துத் தின்பாய். அவள் குளிக்கப் போனதும் என்னைப் பார்த்து ஒரு முகம் காட்டுவாய். கடைசியில் சீனி வருத்தம் வந்தது. கேக் கூடாது, தொதல் கூடாது, பசித்தால் மாரி பிஸ்கட் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, நான் சிரிப்பை அடக்க ஏலாமல் வெளியே ஓடிவிட்டேன். "அந்த ருஷியாக்காரிட சாபம் கா," என்று நீ பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னாய்.

போன கிழமை காலை, பூக்கன்றுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள் அப்படியே நிலத்தில் இருந்தாய், பிறகு எழும்பவில்லை. நெஞ்சு என்றார்கள்.

நேற்று விடியவே நான் கூனியைச் சுண்டிவிட்டேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தால், உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டாயிற்று. சோறு, கறிகள், வடை, இளநீர். இலையின் நடுவில், எல்லாவற்றுக்கும் மேலாக, மாரி பிஸ்கட் கோபுரம் மாதிரி அடுக்கி இருக்கிறது. "தங்கச்சிக்கு விருப்பமானது," என்று உன் அக்கா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நிற்கிறா. எடுக்கச் சொன்னால் பிள்ளைக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நீ வந்து பார்க்கிறபோது இலையில் அதுதான் இருக்கும். உன் மனிதரின் இலைக்கு முன்னால் நின்றுவிட்ட உன் கைதான் எனக்குக் கண்ணுக்குள் நின்றது.

சாம்பிராணி காட்டி முடிந்தது. நீ வந்து சாப்பிட்டுப் போக, அறையைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டும். நான் கடைசி ஆளாகப் பிந்தினேன். உன் படத்தைப் பார்த்து, "கொஞ்சம் பொறு," என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டுகளை அள்ளி முந்தானைக்குள் போட்டு, அந்த இடத்தில் கூனிச் சுண்டலை வைத்தேன். ஓய்வு பெற்ற மனையியல் ரீச்சர், படையலில் களவெடுத்தேன், கா! நிமிர்ந்தால் கதவடியில் உன் மகள்.

"என்ன பெரியம்மா செய்யிறீங்க?"

"இல்ல மனே... இலையில இடம் காணாது..."

"இடம் இரிக்கி." கிட்ட வந்தாள். என் முந்தானையைப் பார்த்தாள், கூனிச் சுண்டலைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. "அம்மா உங்களுக்குச் சொல்லிரிக்கா, என்ன? இது அவக்குப் பிடிக்காது எண்டு."

நான் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"எனக்கு முகாமிலயே தெரியும். அவ அத மெல்லக்குள்ள மூக்கு சுருங்கும். நான் அவட முகத்தத்தானே பாத்துக்கொண்டு இருந்தன்."

"அப்ப நீ ஏன் மனே திண்ட? அந்த ராசாத்திக் கதைய நம்பித்தானே..."

"கதையா?" சிரித்தாள். உன் சிரிப்புத்தான். "அப்பா போனதிலருந்து அவ பச்சத் தண்ணியில கிடந்தா. நீங்க எல்லாரும் என்னத்தான் பாத்தீங்க, அவவ ஆரும் பாக்கல்ல. நான் பாதி எடுத்தாத்தான் அவ பாதி தின்னுவா எண்டு எனக்கு விளங்கிற்று. அதுக்குத்தான் திண்டன். எனக்கும் அது பிடிக்காது பெரியம்மா."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். மடியில் பிஸ்கட் பலதும் நொறுங்கிற்று. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றை, மற்றவளுக்கு உசிர் என்று நினைக்க வைத்துக்கொண்டு, இத்தனை வருடமாகத் தின்றிருக்கிறீர்கள். அந்த ராசாத்தியையும் சேர்த்தால் மூன்று பேர். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று கேட்காதே.

"பின்ன ஏன் கொழும்பிலருந்து சுமந்து கொண்டு வந்த?"

"வேற எதக் குடுத்தாலும் மறுகா தின்னுறன் எண்டு மூடி வெச்சிருவா. இத மட்டும்தான் என்ட கண்ணுக்கு முன்னால திண்டு முடிப்பா." இலையைப் பார்த்தாள். குரல் உடைந்தது. "இண்டைக்கு மட்டும் வேற எப்பிடிப் பெரியம்மா நான் அவவச் சாப்பிட வைக்கிற?"

என் முந்தானையிலிருந்து உடையாத ஒன்றை அவள் எடுத்தாள். இரண்டாக்கினாள். உன் பாதியைக் கூனிச் சுண்டலுக்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமலும் வைத்தாள். தன் பாதியை வாயில் போட்டு மென்றாள். மூக்கு சுருங்கிற்று. இரண்டு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

ஆகவே உனக்குத் தந்த சத்தியம் பாதி உடைந்தது, பாதி காப்பாற்றப்பட்டது. கணக்கு அவ்வளவுதான், சண்டைக்கு வராதே. ராசாத்தியின் வாயைத் தேடி ரவுன் வரைக்கும் போனவள், உன் வீட்டுப் பிள்ளையின் வாயைப் பற்றி ஒரு வார்த்தை அறியாமலே இருந்திருக்கிறாய் என்பதை மட்டும் சொல்லிக்காட்டாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. உன் மகள்தான்.

"பெரியம்மா, காலையில சாப்பிட்டீங்களா?"

"மறுகா தின்னுறன் மனே."

சொன்ன பிறகுதான் அது உன் சொல் என்று காதில் விழுந்தது. நீ போன நாளிலிருந்து நான் அடுப்பை ஒழுங்காகப் பற்றவைக்கவில்லை, நேற்றைய கூனியைத் தவிர. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பக்கற்றின் கடதாசி சரசரத்தது. பிறகு, "பைக்குள்ள பக்கற் இரிக்கி, எடுங்க. நான் இஞ்ச உடைச்சிட்டன். பாதி என்ட கையில இரிக்கி," என்றாள்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நானும் உடைத்தேன். அந்தப் பக்கம் அவள் கடிக்கிற சத்தம் கேட்டது. நீ சொன்னது சரி, கா. நனைஞ்ச கடதாசிதான். என் பாதியை முழுவதும் தின்று முடித்தேன்.